ஆறும் காடும் பக்கத்துல வீடு: எச்சரிக்கை வந்தா இருக்கறதா, கிளம்பறதா?

நீங்க கேட்டத என் வார்த்தைல திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. வீட்டுக்கு முன்னாடி ஆறு, பின்னாடி காய்ஞ்ச காட்டுச் சரிவு, அப்பாவால தனியா நடக்க முடியாது. வெள்ளமோ காட்டுத்தீயோ வருதுன்னு சொன்னாங்கன்னா வீட்லயே இருந்து சமாளிக்கறது நல்லதா, இல்ல கிளம்பணுமா, அதோட வால்ல ஒண்ணு, இதெல்லாம் வராமலே தடுக்க முடியாதா. இருக்கவா போகவான்னு கேட்டாலும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கற கேள்வி எப்போங்கறதுதான், அதுக்குத்தான் நான் நிறைய எழுதப் போறேன். நான் வெள்ள மீட்புக் குழுக்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற வேலைல 16 வருஷம் இருந்தேன், படகும் கயிறும் கையால பழகினது. தீ விஷயத்துல அவ்ளோ கைப்பழக்கம் கிடையாது, ரெண்டு சீசன் தீத்தடுப்புக் கோடு வெட்றவங்களோட நின்னிருக்கேன், மத்தது படிச்சதும் அவங்க சொல்லிக் கேட்டதும். அதனால தண்ணியப் பத்தி அடிச்சுச் சொல்வேன், தீயப் பத்தி கொஞ்சம் அடக்கி வாசிப்பேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். சீக்கிரமா கிளம்பினவங்க பெரும்பாலும் பொழைச்சுக்கறாங்க, வெள்ளமா இருந்தா மாடில இருந்தவங்களும் பல சமயம் பொழைச்சுக்கறாங்க, மாட்டிக்கறது ரெண்டுக்கும் நடுவுல லேட்டா கிளம்பி வழில நிக்கறவங்கதான். அமெரிக்கால வெள்ளத்துல சாகறவங்கள்ல பாதிக்கு மேல வண்டிக்குள்ள சாகறாங்கன்னு அவங்க வானிலைத் துறையே வருஷக் கணக்கா சொல்லிட்டு இருக்கு. வேகமா ஓடற தண்ணி 15 செ.மீ. இருந்தா பெரிய ஆளையே காலை வாரிடும், 30 செ.மீ. சின்ன காரை மிதக்க விடும், 60 செ.மீ. வந்தா பெரிய எஸ்யூவியும் போயிடும். யாரும் நம்ப மாட்டாங்க, ஒரு டன் வண்டி முழங்கால் தண்ணில எப்படி மிதக்கும்னு கேப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, கார் அடிப்பாகம் 4 மீட்டருக்கு 1.6 மீட்டர்னு வச்சுக்கோங்க, அந்த அடித்தட்டுக்கு மேல 10 செ.மீ. தண்ணி ஏறினாலே 640 கிலோவ மேல தூக்குது, 1,100 கிலோ கார் அப்படின்னா இன்னொரு 8 செ.மீ. போதும், டயர் ரோட்ட விட்டுடும். உள்ள தண்ணி புகுந்து கனம் ஏறும்தான், ஆனா அதுக்குள்ள வண்டி பாலத்துக்கு வெளிய போயிருக்கும்.

இன்னொண்ணு, ஓடற தண்ணியோட அடி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா தள்ற விசை நாலு மடங்கு. ட்ரெய்னிங்ல பசங்கள கயிறு கட்டி முழங்கால் தண்ணில நிக்க வைப்போம், மதகு ஒரு சாண் கூட திறந்ததும் அதே பசங்க கால் ஊன முடியாம தொங்குவாங்க, தண்ணி மட்டம் பெருசா ஏறியே இருக்காது. கண்ணு ஆழத்தத்தான் பாக்கும், வேகத்தப் பாக்காது. கலங்கல் தண்ணிக்கு அடில ரோடு இருக்கா, அரிச்சுட்டுப் போயிடுச்சா, மேன்ஹோல் மூடி தூக்கிட்டு நிக்குதான்னு எதுவும் தெரியாது, ராத்திரின்னா கேக்கவே வேணாம்.

2024 அக்டோபர் 29 ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் நடந்தத படிச்சீங்கன்னா இது புரியும். துரீஸ்ங்கற ஊர்ல ஒரே நாள்ல 770 மி.மீ.க்கு மேல மழை, ஆனா மழையே பெய்யாத கீழ்ப்பக்க ஊர்களுக்குள்ள வெள்ளம் வந்து நின்னுச்சு, ஜனங்க ரோட்ல நடந்துட்டு இருந்தாங்க. செல்போனுக்கு எச்சரிக்கை வந்தது ராத்திரி 8 மணி தாண்டி, அப்போ பல தெருவுல ஏற்கனவே கழுத்தளவு. 220 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல கார நனையாம எடுத்துடலாம்னு அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்குக்கு எறங்கினவங்களும் உண்டு. தண்ணி வரும்போது கீழ எறங்காதீங்க, எந்த காரணத்துக்கும். என்கிட்ட படிச்ச ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாள் சொன்னது இதுதான்.

அப்போ வீட்லயே இருக்கலாமா? வெள்ளத்துக்கு சில நேரம் ஆமா. உறுதியான கட்டடம், மேல ஒரு தளம், தண்ணி வேகமா வந்து ஏற்கனவே தெருவ மூடிடுச்சுன்னா மாடி ஏறறதுதான் சரி, அந்த நேரத்துல வெளிய எறங்கறது தப்பு. ஆனா மொட்டை மாடிக்கோ கூரைக்கோ வெளிய போக வழி இருக்கணும், 2005ல நியூ ஆர்லியன்ஸ்ல கரை உடைஞ்சப்போ பரண் மாதிரி இடத்துல ஏறி, மேல ஓட்டை போட வழியில்லாம உள்ளயே மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. மெதுவா ஏறற பெரிய ஆத்து வெள்ளம்னா கதை வேற, அது நாள் கணக்குல நிக்கும், குடிதண்ணி, கரண்ட், மருந்து எதுவும் இருக்காது, மாடில உக்காந்து சமாளிக்கறது ரெண்டாவது நாளே நரகம். உங்க ஆறு எந்த ரகம்னு தெரிஞ்சுக்கோங்க. மலையடிவாரத்துல குறுகின ஆறுன்னா சில மணி நேரத்துலயே ஏறிடும், சமவெளில அகலமா ஓடற ஆறுன்னா மேல எங்க மழை பெய்யுதுன்னு பாத்து ஒரு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிட முடியும்.

அப்பா விஷயம். 2021 ஜூலைல ஜெர்மனில ஆர் பள்ளத்தாக்குல வெள்ளம் வந்தப்போ சின்சிக்ங்கற ஊர்ல மாற்றுத்திறனாளிகள் இருந்த ஒரு இல்லத்துல கீழ்த்தளத்துல இருந்த 12 பேர் ராத்திரி தண்ணில போயிட்டாங்க. மாடி மேலயே இருந்துச்சு, ஏத்தறதுக்கு ஆளும் நேரமும் இல்ல. நடக்க முடியாத ஒருத்தர மாடிப்படில ஏத்த ரெண்டு பேர் வேணும், நிதானமா இருந்தாலே 10 நிமிஷம் பிடிக்கும், இருட்டுல ஈரப்படில அது மூணு மடங்கு ஆகும். ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து நிஜமாவே ஒரு தடவை செஞ்சு பாருங்க, கெட்டியான போர்வைல அப்பாவ படுக்க வச்சு ரெண்டு பக்கமும் சுருட்டிப் பிடிச்சு தூக்கறதா, நாற்காலியோட தூக்கறதா, வண்டில எந்தப் பக்கம் உக்கார வைக்கறதுன்னு. அவர் கொஞ்சம் கத்துவார், பரவால்ல. செல்போன்ல நேரத்த குறிச்சுக்கோங்க. நீங்க நினைக்கறத விட ரெண்டு மடங்கு வரும், நான் பாத்த எல்லா வீட்லயும் அப்படித்தான் வந்துச்சு.

இப்போ தீ. வெள்ளத்துல மாடி ஏறி ஒதுங்கலாம், தீக்கு அந்த மாதிரி பக்கத்துல ஒதுங்கற எடம் ரொம்ப கம்மி. ஆஸ்திரேலியால ரொம்ப வருஷம் 'தயாரா இருந்து வீட்டக் காப்பாத்து, இல்லன்னா சீக்கிரமே கிளம்பு'ன்னு ஒரு கொள்கை இருந்துச்சு, சாதாரண தீல அது வேலை செஞ்சதும் உண்மை. 2009 பிப்ரவரி 7 விக்டோரியா மாநிலத்துல 173 பேர் செத்தாங்க, அதுல நிறைய பேர் வீட்டுக்குள்ளயே. அதுக்கப்புறம் விசாரணைக் கமிஷன் உக்காந்து, ஆபத்து அளவுகோல்ல புதுசா ஒரு உச்சப்படி சேத்தாங்க, அந்த அளவு நாள்ல எந்த வீடும் தாங்கும்னு நம்பாதீங்க, முன்னாடியே போயிடுங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு என் பதிலும் அதுதான், நடக்க முடியாத ஒருத்தர் இருக்கற வீட்ல நின்னு தீய அணைக்கற பேச்சே வேணாம். தண்ணி பம்பு, தனி கரண்ட், ட்ரெய்னிங், திடகாத்திரமான நாலு பேர் எல்லாம் இருக்கற வீட்டுக்கு மிதமான தீல நின்னு பாக்கலாமாங்கறது அந்தத் துறைல இன்னமும் வாதம் ஓடற விஷயம், நான் ஒரு பக்கம் சேர மாட்டேன்.

லேட்டா கிளம்பறது தீல இன்னும் மோசம், ஏன்னா எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே ரோட்ல எறங்கறாங்க. 2018 நவம்பர்ல கலிஃபோர்னியா பேரடைஸ் ஊர்ல 85 பேர் போனாங்க, வெளிய போற சில ரோடுகளும் அடைச்சு கார்கள் நகராம நின்னுச்சு. அதே வருஷம் ஜூலைல கிரீஸ்ல மாத்திங்கற கடலோர ஊர்ல 100 பேருக்கு மேல, அதுல 26 பேர் கடலுக்குப் போற வழி தெரியாம, கடல் பக்கத்துலயே ஒண்ணாக் கட்டிப் பிடிச்சபடி கிடந்தாங்க. வழி தெரிஞ்சிருந்தா சில நிமிஷம்தான். உங்க வீட்டுல இருந்து வெளிய போக ஒண்ணுக்கு ரெண்டு வழி பகல்ல நடந்து பாத்து வைங்க, ஒண்ணு ஆத்துப் பாலத்த தாண்டாததா இருக்கட்டும், இன்னொண்ணு காட்டுக்குள்ள போகாததா இருக்கட்டும்.

நீங்க சரிவுக்குக் கீழ இருக்கீங்க, தீ மேலதான் ஏறும் கீழ வராதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. பாதி உண்மை. சரிவு 10 டிகிரி கூடக் கூட மேல ஏறற தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும், அதனால மலை உச்சி வீடுதான் ரொம்ப ஆபத்து. ஆனா காத்து மலைல இருந்து கீழ வீசினா அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2023 ஆகஸ்ட் 8 ஹவாயில லஹைனா எரிஞ்சது மலைச்சரிவுல எறங்கின காத்துலதான், 100 பேர் கிட்ட செத்தாங்க, கைவிட்ட தோட்டங்கள்ல வெளிய இருந்து வந்த புல்லு காய்ஞ்சு மண்டிக் கிடந்துச்சு, ஊர்ல சைரன் இருந்தும் ஊதல.

இந்த சைரன் விஷயத்த கொஞ்சம் நின்னு சொல்லணும். லஹைனால ஊதல, வலென்சியால லேட்டு, ஆர் பள்ளத்தாக்குல ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு நாள் கணக்குல முன்னாடியே சொல்லியும் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரல. அதனால 'உத்தரவு வரட்டும்'னு காத்திருக்காதீங்க, உங்களுக்கு நீங்களே ஒரு கோடு போட்டுக்கோங்க. ஆத்துக்கு, பாலத்து தூண்ல ஒரு அடையாளம், தண்ணி அதத் தொட்டா அப்பா கிளம்பிடுவார், அப்போ மழை விட்டிருந்தாலும் சரி, அக்கம்பக்கம் சிரிச்சாலும் சரி. தீக்கு, புகை தெரியற வரைக்கும் இருக்கறதே லேட்டு, வெயில் உச்சம், காத்துல ஈரமே இல்ல, பலமா காத்து வீசும்னு வானிலை அறிக்கை சொல்ற நாள் காலைலயே அப்பாவ சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, தீயே பத்தலைன்னாலும். பத்துல எட்டு தடவை ஒண்ணும் நடக்காது, வீணா அலைஞ்ச மாதிரி இருக்கும். ஒரு தடவை வெள்ளத்துல ஒரு பெரியவர், காலைல நாங்க படகோட போனப்போ 'சாயங்காலம் பாத்துக்கலாம் தம்பி, நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க'ன்னு அனுப்பிட்டார். சாயங்காலம் அவர் கேட்டுக்கு மேல தண்ணி, அந்த இழுப்புல எங்க மோட்டார் நிக்கவே இல்ல, பக்கத்து மாடில இருந்து கயிறு போட்டு எடுத்தோம். அவர எடுக்க எறங்கின என் பசங்கள்ல ஒருத்தனுக்கு தோள்பட்டை எறங்கிடுச்சு. முந்தின நாள் சொன்னது பொய்யாப் போச்சுங்கறது அவர் தப்பு இல்ல, எங்க அறிவிப்புலயும் தப்பு இருந்துச்சு, எந்தத் தெரு எவ்ளோ உயரம்னு சொல்லாம மொத்த ஊரையும் கிளம்பச் சொன்னோம்.

எச்சரிக்கை வேலை செஞ்ச இடமும் இருக்கு. வங்கதேசத்துல 1970 புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர் போனாங்க. 1972ல புயல் முன்தயாரிப்புத் திட்டம்னு ஆரம்பிச்சு, கிராமத்துக்குள்ளயே இருக்கற ஆட்கள தொண்டர்களா சேத்து, கொடி, மெகாஃபோன், உயரமான புகலிடக் கட்டடம்னு வருஷக் கணக்கா கட்டினாங்க. 2007 சிடர் புயல்ல 3,400 பேர் கிட்ட, 2020 ஆம்பன்ல சில பத்துப் பேர். புயலுக்குப் புயல் பலம் வேற, கரை தொட்ட எடம் வேற, அதனால நேரடியா ஒப்பிட முடியாது, ஆனா அந்த எறக்கம் தற்செயல் இல்லன்னு அடிச்சுச் சொல்லலாம். கதவத் தட்டினது தெரிஞ்ச மூஞ்சிங்கறது அதுல பெரிய பங்கு.

சரி, தடுக்க முடியுமா. மழையையும் காத்தையும் முடியாது, சேதத்தைக் குறைக்க முடியும், அதுல வீட்டளவுல ரொம்ப சக்தியான வேலை தீ பக்கம்தான் இருக்கு. ஜாக் கோஹன்னு அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி, வீடு எப்படிப் பத்திக்குதுன்னே வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ணவர். கனடா காட்டுல நிஜமாவே மர உச்சி வரைக்கும் எரிய விட்டு மரச்சுவர் வச்சுப் பாத்தாங்க, 10 மீட்டர்ல வச்சது சில தடவை பத்திக்கிச்சு, 30 மீட்டர்ல வச்சது பத்தல. அப்போ வீடு எப்படி எரியுது? பெரும்பாலும் காத்துல பறந்து வர்ற கங்கு. கூரைத்தண்ணி வடியற காவால சேர்ந்த சருகு, வாசல் கால்மிதி, சுவத்த ஒட்டி அடுக்கின விறகு, காத்தோட்ட ஓட்டை, இதுல ஒரு கங்கு விழுந்தா போதும். எரிஞ்ச ஊரு போட்டோ பாத்தீங்கன்னா வீடு சாம்பலாயிருக்கும், பக்கத்து மரம் பச்சையா நிக்கும். அதனால சுவத்த சுத்தி ஒன்றரை மீட்டருக்கு எரியற பொருள் ஒண்ணுமே வேணாம், மண்ணோ சரளையோ மட்டும், காத்தோட்ட ஓட்டைக்கு 3 மி.மீ. கம்பி வலை, காவாய் சுத்தம். ஒரு நாள் வேலை. காட்டையே வெட்டணும்னு நினைக்காதீங்க.

காடு பக்கம் பாத்தா, தீய உடனே உடனே அணைச்சதே பல எடத்துல பிரச்சனைய வளத்துடுச்சு. அமெரிக்கால 1935ல ஒரு விதி போட்டாங்க, எந்தத் தீ பத்தினாலும் மறுநாள் காலை 10 மணிக்குள்ள கட்டுக்குள்ள வரணும்னு. அடிக்கடி சின்னதா எரிஞ்சு சருகத் தீத்துக்கிட்டிருந்த காடுகள்ல எரிபொருள் சேந்துக்கிட்டே போச்சு, 1970கள்ல அத கைவிட்டாங்க. ஆஸ்திரேலியாவோட வடக்குல பழங்குடி மக்கள் வறட்சி உச்சத்துக்கு முன்னாடியே சின்னச் சின்னதா எரிச்சு விடற பழக்கத்த திரும்பக் கொண்டு வந்திருக்காங்க, புல்வெளிக்காட்டுல அது பலன் குடுக்குது. ஆனா புயல்வேகக் காத்து அடிக்கற நாள்ல இந்த முன்-எரிப்பு எவ்ளோ காப்பாத்தும்ங்கறதுல நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. எல்லாக் காட்டுக்கும் ஒரே மருந்தும் இல்ல, நீங்களா எரிச்சுப் பாக்காதீங்க, வனத்துறை ஆள வச்சுத்தான்.

வெள்ளத்துல வீட்டளவுல பண்றது கம்மி, மின்சார ஸ்விட்ச் போர்டு மேல தூக்கறது, கழிவுநீர்க் குழாய்ல பின்னாடி ஏறாம தடுக்கற வால்வு, இப்படி. பெரிய விஷயம் எடத்துல இருக்கு. கரை கட்டினா பாதுகாப்புன்னு நம்பி கரைக்குப் பின்னாடி இன்னும் வீடு கட்டுவாங்க, கரை தாங்கற அளவு தாண்டின அன்னைக்கு சேதம் முன்ன விட ஜாஸ்தி. நெதர்லாந்து 1953ல 1,836 பேர பறிகொடுத்து கடல் பக்கம் பிரம்மாண்டமா தடுப்பு கட்டின நாடு, அவங்களே 1993லயும் 1995லயும் ஆறு பொங்கி, ரெண்டாவது தடவை 2.5 லட்சம் பேர வெளியேத்தினதுக்கு அப்புறம் கரைய இன்னும் உயர்த்தறத மட்டும் நம்பாம 30க்கு மேல எடத்துல, சில எடத்துல கரைய பின்னாடி தள்ளி, சில எடத்துல ஆத்தோர நிலத்தத் தாழ்த்தி, ஆத்துக்கு எடம் விட்டாங்க. சீனால செங்சோ நகரம் மழைநீர உறிஞ்சற நகரத் திட்டத்துல செலவு பண்ண ஊரு, 2021 ஜூலை 20 ஒரே மணி நேரத்துல 201.9 மி.மீ. கொட்டினப்போ மெட்ரோ ரயிலுக்குள்ள 14 பேர் போனாங்க. சாதாரண மழைக்கு பூங்காவும் குளமும் நல்லா உதவும், அந்த மாதிரி மழைக்கு உதவாது. அப்புறம் '100 வருஷ வெள்ளம்'னு சொன்னா 100 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு எடுத்துக்காதீங்க, ஒவ்வொரு வருஷமும் 1 சதவீதம், வீட்டுக் கடன் ஓடற 30 வருஷத்துல அது 26 சதவீதம். அந்த 1 சதவீதமே பழைய மழைக் கணக்கு, காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும்ங்கறது உறுதியான இயற்பியல், ஒரு குறிப்பிட்ட வெள்ளம் எவ்ளோ அதனாலங்கறது ஒவ்வொண்ணுக்கும் தனி ஆராய்ச்சி.

கடைசியா, உங்க எடத்துக்குன்னே ஒண்ணு, இது நீங்க கேக்கல. பின்னாடி சரிவு எரிஞ்சுதுன்னா அடுத்த மழைக்கு நீங்க வீட்ல இருக்கக் கூடாது. எரிஞ்ச மண்ணு மேல ஒரு மெழுகு மாதிரி படலம் வந்து தண்ணிய உறிஞ்சாது, வேரும் பிடிக்காது, வழக்கமா ஒண்ணும் பண்ணாத மழைக்கே சேறும் பாறையும் சேந்து எறங்கும். கலிஃபோர்னியா மான்டசீட்டோல 2017 டிசம்பர்ல தீ, 2018 ஜனவரி 9 விடியக்காலை மழை, 23 பேர் போனாங்க, தீ முடிஞ்சுதுன்னு வீட்டுக்குத் திரும்பினவங்களும் அதுல இருந்தாங்க. வெள்ளம் வடிஞ்சு திரும்பினீங்கன்னா ஜெனரேட்டர வீட்டுக்குள்ளயோ ஜன்னல் ஓரமோ வைக்காதீங்க, குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, அந்தப் புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தெரியாமலே ஆள் போயிடும். எலக்ட்ரீஷியன் பாக்காம மெயின் போடாதீங்க. தீப்புகைக்கு துணி மாஸ்க் வேலை செய்யாது, என்95 வேணும், அப்பாவுக்கு மூச்சுத் தொல்லை இருந்தா டாக்டர்ட்ட முன்னாடியே கேட்டு வைங்க, அது என் எல்லை இல்ல.

வீட்டு வாசப்படி ஆத்து மட்டத்துக்கு எத்தனை அடி மேல இருக்கு, ஆறு இதுவரைக்கும் ஏறின அதிகபட்ச மட்டம் எதுன்னு அக்கம்பக்கத்து பெரியவங்களுக்கு தெரியுமான்னு கேட்டு எழுதுங்க, பாலத்துத் தூண்ல கோடு எங்க போடறதுன்னு அத வச்சு சேந்து பாக்கலாம்.